படைவீரரின் உடலளவு விதிகள்: யூனிட் மாறும்போது எது மாறுகிறது?

படையில் சேர வருபவரின் உயரம், எடை, மார்பளவு ஆகியவற்றுக்கு வரம்பு வைப்பது பல நாட்டு இராணுவங்களில் இருந்துவந்த வழக்கம். சேரும் நாளோடு இந்த அளவெடுப்பு முடிவதில்லை. வீரர் ஒரு யூனிட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் அது கூடவே வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர்ப் பகுதியிலிருந்து தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் படைக்குச் சென்று வருகிறார்கள். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை 'இராணுவப்பேட்டை' என்றே அறியப்படுகிறது. ஆகவே இந்த விதிகளின் வரலாறு நமக்கு அயலானதன்று.

மெட்ராஸ் படையும் 'போர்க்குடி'க் கொள்கையும்

மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் தொடக்கம் 1758. கிழக்கிந்தியக் கம்பெனியின் போர்கள் பலவற்றில் முன்னின்ற இந்தப் படை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. வடமேற்கு இந்தியரும் கூர்க்காக்களுமே போருக்கு ஏற்றவர்கள் என்னும் 'போர்க்குடி'க் கொள்கை அப்போது வலுப்பெற்றிருந்தது. 1885 முதல் 1893 வரை இந்தியாவின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் அதன் முதன்மை ஆதரவாளர். உடற்கட்டும் தோற்றமும் அக்கொள்கையின் அளவுகோல்களுள் இருந்தன.

அதன் விளைவு விந்தையானது. 1890களின் தொடக்கத்தில் மெட்ராஸ் காலாட்படையின் சில பிரிவுகள் 'பர்மா பட்டாலியன்'களாக மாற்றப்பட்டன. எண்ணும் பெயரும் மெட்ராசுடையவையாகவே இருந்தன. உள்ளே தமிழரும் தெலுங்கரும் இருந்த இடத்தில் பஞ்சாபியரும் கூர்க்காக்களும் வந்தனர். 1928க்குள் மெட்ராஸ் காலாட்படை முற்றிலும் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில்தான் மீண்டும் எழுப்பப்பட்டது. பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் மட்டும் இடையில் அறுபடாமல் நீடித்தது. உடலைக் கொண்டு ஓர் இனத்தையே எடைபோட்டால் என்ன நேரும் என்பதற்கு இது நம் மண்ணின் சான்று.

குள்ளர் பட்டாலியன்கள்

இதே சிக்கல் பிரிட்டனிலும் எழுந்தது. 1914இல் போர் தொடங்கியபோது 5 அடி 3 அங்குலத்துக்குக் (160 செ.மீ.) குறைந்தவர்களைப் படையில் எடுக்கவில்லை. உறுதியான உடல் கொண்ட சுரங்கத் தொழிலாளர்கள் பலர் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுக்காகவே 5 அடி முதல் 5 அடி 3 அங்குலம் வரை உயரமுள்ளவர்களைக் கொண்ட 'பேண்டம்' பட்டாலியன்கள் உருவாயின. சேவலைச் சின்னமாகக் கொண்ட 35ஆம் டிவிஷன் முழுவதும் இத்தகைய பட்டாலியன்களே.

முதலில் வந்தவர்கள் குள்ளமானாலும் வலியவர்கள். 1916இல் சொம் போரில் பலர் விழுந்தபின், அவர்களுக்கு மாற்றாக அனுப்பப்பட்டவர்களில் பலர் உண்மையிலேயே நலிந்தவர்கள். உயரம் குறைவு என்ற ஒரே காரணத்தால் அந்த டிவிஷனுக்கு ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். 1916 டிசம்பரில் தொடங்கிய மருத்துவச் சோதனையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் விலக்கப்பட்டனர். அத்துடன் அது பேண்டம் டிவிஷனாக இருப்பது முடிந்தது. சேவல் சின்னமும் மாற்றப்பட்டது. அளவுநாடா சொன்னது உயரத்தை மட்டுமே. உடல் வலிமையை அது சொல்லவில்லை.

எடைக் கணக்கு

உயரத்தோடு எடையைப் பொருத்திப் பார்க்கும் கணக்கை 1830களில் பெல்ஜிய அறிஞர் கெட்லே வகுத்தார். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இதற்கு 'உடல் நிறை குறியெண்' என்ற பெயரை 1972இல் வழங்கியவர் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ்.

மாணவர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டு இளைஞர் பொதுப்பணிச் சிப்பாயாகச் சேர 166 செ.மீ. உயரம் வேண்டும். நெடுங்காலம் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் குறைந்த அளவு எடை 50 கிலோ என்று இருந்தது. 50ஐ 1.66இன் வர்க்கமான 2.7556ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18.1 வரும். உலக நலவாழ்வு நிறுவனம் எடைக்குறைவின் எல்லையாக வைத்திருப்பது 18.5. அதாவது, வாசலில் நுழையப் போதுமான எடை, நலத்துக்குப் போதுமானதாக இல்லை.

யூனிட் மாறும்போது

இந்தியத் தரைப்படையில் உயர வரம்பு வீரரின் சொந்த வட்டாரத்தைப் பொறுத்தது. பஞ்சாபியருக்கு 170 செ.மீ., கூர்க்காக்களுக்கு 157 செ.மீ. என்று அது வேறுபடும். சேர்ந்தபின் பார்க்கப்படும் எடையோ அவரவர் உயரத்தையும் வயதையும் பொறுத்தது. ஆகவே வெலிங்டனில் பயிற்சி முடித்த வீரர் காஷ்மீரில் உள்ள ராஷ்டிரிய ரைபிள்ஸ் யூனிட்டுக்கு மாறினாலும் அவருக்கான எடை அளவு மாறாது. அவரது மருத்துவ ஆவணங்களும் அவருடனேயே செல்கின்றன.

மருத்துவ நிலை 'ஷேப்' என்ற முறையில் குறிக்கப்படுகிறது. மனநிலை, செவி, கைகால், உடல்திறன், கண் ஆகிய ஐந்தும் அதில் அடங்கும். ஐந்திலும் குறையில்லாதவர் 'ஷேப் ஒன்று'. உரிய எடையைவிட மிகுந்தவர் கீழ்நிலைக்கு இறக்கப்படலாம். வீரர்கள் பேச்சில் இது 'கேட்டகிரி ஆவது'. பதவி உயர்வு, பயிற்சி வகுப்பு, உயர்மலைப் பணி, ஐ.நா. அமைதிப்படை வாய்ப்பு எல்லாவற்றையும் இது தொடும்.

இடமாற்றம் உடலையும் மாற்றுகிறது. சியாச்சின் போன்ற உயரங்களில் பசி குறைந்து எடை இறங்கும். சமவெளிக்குத் திரும்பி, அலுவலகப் பணியில் அமர்ந்தால் எடை ஏறும். இறங்கியதும் ஏறியதும் பணியின் விளைவுகள். ஆனால் கணக்கு வீரரின் பெயரில்தான் எழுதப்படுகிறது. புதிய யூனிட்டின் அதிகாரிக்குத் தெரிவது இன்றைய எடை மட்டுமே. ஆகவே முந்தைய ஆண்டுகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்ப்பதே நேர்மையான வழி. 2024 தொடக்கத்தில் செய்தியான புதிய கொள்கையில், வீரர் ஒவ்வொருவருக்கும் உடல்திறன் மதிப்பீட்டு அட்டை உண்டு. எடை மிகுந்தவர்களுக்கு அதைக் குறைக்க 30 நாள் அவகாசமும் உண்டு.

நம் இளைஞர்களுக்கு

ஆள்சேர்ப்பு முகாமுக்கு முன் எடை போதாதவர்கள் வாழைப்பழமும் தண்ணீருமாக வயிற்றை நிரப்பிக்கொண்டு தராசில் ஏறுவதுண்டு. அந்த எடை மாலைக்குள் போய்விடும். படையில் ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை உண்டு, எத்தனை யூனிட் மாறினாலும் உண்டு. முகாமுக்கு ஓராண்டு முன்பே ஓட்டமும் நல்ல உணவும் தொடங்குபவருக்குத்தான் அந்த எடை நிலைக்கும்.