வெயிலும் வாடகை வீடும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மில் பலர், ஆண்டுக்கணக்கில் வாடகை வீடுகளிலேயே வாழ்ந்து வருகிறோம். தில்லியிலோ அகமதாபாத்திலோ கோடை பிறந்ததும் மின்கட்டணம் ஏறுகிறது. அதைச் செலுத்துபவர் நாம். கூரையையும் சுவரையும் அமைத்தவரோ வேறொருவர். இந்தப் பிரிவு எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிதல் நமக்குப் பயன் தரும்.

முற்காலத்தில் வீட்டைக் கட்டியவரே பெரும்பாலும் அதில் குடியிருந்தார். ஆதலின் வெப்பத்தைத் தடுக்கும் பொறுப்பும் ஆதாயமும் அவருடையனவாகவே இருந்தன. 1648-இல் முடிவுற்ற தில்லிச் செங்கோட்டையின் மாளிகைகளூடே நீரோடை செல்லுமாறு அமைத்தனர். வடநாட்டு இல்லங்களில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்து வாயிலில் தொங்கவிட்டனர். நம் சென்னை வீடுகளிலோ, தேக்கு உத்திரங்களின் மீது செங்கற்களை அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்தனர்.

விடுதலைக்குப் பின் நகரங்கள் பெருகின; சிமெண்டுக் கான்கிரீட் தளம் எங்கும் பரவியது. நாலைந்து அங்குலத் தளம் பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவில் அதனை அறைக்குள் உமிழ்கிறது. வாடகைக்கெனக் கட்டுபவர் கட்டடச் செலவைச் சுருக்கினால், குளிர்ச்சிக்கான செலவு குடியிருப்பவர் தலையில் விழுகிறது.

இந்நிலையில் அரசு தலையிட்டது. 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2002-இல் எரிசக்தித் திறன் செயலகம் தோன்றியது. 2006 முதல் மின்கருவிகள் நட்சத்திரக் குறி பெற்றன. ஆயினும் வீட்டுக்கென ஒரு விதித்தொகுப்பு 2018-இல்தான் வந்தது. ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ எனும் அத்தொகுப்பு, குளிர்மிகு பகுதிகள் நீங்கலாக, புதிய குடியிருப்புகளின் சுவர், சாளரம் வழியே புகும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரி 15 வாட்டுக்கு மிகலாகாது என வரையறுத்தது. பின்னர் வீடுகளுக்கும் நட்சத்திரக் குறி வழங்கும் திட்டம் பிறந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், 100 கிலோவாட் அளவுள்ள பெரிய குடியிருப்புக் கட்டடங்களையும் சட்டவரம்புக்குள் கொணர வழிவகுத்தது. நாம் வாழும் பழைய சிறு வீடுகளை இவ்விதிகள் எட்டுவது அரிது.

எனினும் வழி இல்லாமற் போகவில்லை. 2010 மே மாத வெப்பத்தின்போது அகமதாபாத்தில், வழக்கத்தினும் 1,300-க்கு மேற்பட்டோர் கூடுதலாக மாண்டனர். அதன் விளைவாக 2013-இல் அந்நகரம் வெப்பத் தற்காப்புத் திட்டம் வகுத்தது. 2017-இல் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியையும் மேற்கொண்டது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கையையே வெளியிட்டது. வெண்மை வெயிலைத் திருப்பியனுப்புகிறது என்னும் எளிய உண்மையே இதன் அடிப்படை.

ஆகவே வாடகை பேசும்போதே, மாடியில் வெள்ளை பூசவும் மேற்குச் சாளரத்துக்கு நிழல் அமைக்கவும் வீட்டுக்காரரிடம் கேட்போமாக. வெயிலில் விரிந்து சுருங்கித் தளம் வெடிப்பது குறையுமாதலால், அது அவருக்கும் ஆதாயமே. நம்மால் இயல்வதும் உண்டு. 75 வாட் மின்விசிறிக்கு மாற்றாக 30 வாட் விசிறியை நாள்தோறும் 12 மணி நேரம் ஓட்டினால், மாதம் ஏறத்தாழ 16 யூனிட் மிஞ்சும். வீடு மாறும்போது விசிறியை நாம் எடுத்துச் செல்லலாம். கூரையோ வீட்டுக்காரரிடமே தங்கும். அதனாற்றான் கூரையைப் பற்றிய பேச்சை அவரிடமிருந்தே தொடங்க வேண்டும்.