கைக்கு எட்டும் தட்டு



1907 ஜனவரி 6இல், ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் மரியா மாண்டிசோரி குழந்தைகள் இல்லம் தொடங்கினார். பயிற்சிப் பொருட்களை ஆசிரியை அலமாரியில் பூட்டி வைப்பார். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டார். வந்து பார்த்தால், பிள்ளைகளே திறந்து அவரவருக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தெரிந்தது. மாண்டிசோரிக்கோ, தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கப் பிள்ளைக்குத் தெரியும் என்பது புரிந்தது. பிறகு அங்கே தாழ்வான அலமாரிகள் வந்தன. பொத்தான், கொக்கி, நாடா வைத்த மரச்சட்டங்களில் பழகிப் பிள்ளைகள் தாமே உடுத்தக் கற்றார்கள்.

1939இல் அவர் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்ன நான், வீட்டில் பிள்ளைகளின் துணியைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மரமேறும் மூத்தவனுக்கும் வாய் திறக்காத சின்னவளுக்கும் நானே எடுத்துக் கொடுத்தேன். தன் கல்யாணப் புடவை எடுக்கப் போனபோதும் சின்னவள், "நீயே சொல்லும்மா" என்று என் முகத்தைப் பார்த்தாள். அன்றுதான் எனக்கு உறைத்தது.

பேரப்பிள்ளைகளுக்குக் கீழ்த்தட்டை விட்டுவிடுங்கள். ஓடியாடுபவனுக்குப் பருத்தி அரைக்கால் சட்டை, கூச்சக்காரிக்கு அவளுக்குப் பழகிய பாவாடை என நாலைந்து வைத்தால் போதும். மடிப்பு கோணலானால் ஆகட்டும்.