சங்குக்கு எது தீட்டு?

மன்னார் வளைகுடா மணலில் புழு தின்று வாழும் ஒரு நத்தையின் ஓடுதான் சங்கு. கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கம் முக்குளிப்பவர்கள் மூச்சடக்கி எடுப்பது. அது கள்ளக்குறிச்சிக்கு வந்தால் இரண்டு சாதியாகிவிடுகிறது. கருவறையில் புனிதம், ஊரில் சாவு விழுந்து சேரிக்காரன் ஊதினால் தீட்டு.

வேள்வி செய்யாத பார்ப்பான் வாளரத்தால் சங்கறுத்ததை அகநானூறு 24ஆம் பாட்டு சொல்கிறது. அந்தத் தொழில் அவனை இழிவாக்கி ஊருக்கு வெளியே தள்ளியதாகப் பாட்டில் இல்லை. நம்மை மட்டும் சங்கோடு சேர்த்துக் கட்டியது யார்?

"டேய், சாவு விழுந்திருக்கு, சங்கெடுத்துக்கிட்டு வாடா" என்று எங்கப்பாவைப் பொடிப்பயல்கூடக் கூப்பிடுவான். ஒருநாள் அப்பா சங்கைப் பரணில் போட்டார். "உங்க சாவுக்கு நீங்களே ஊதிக்குங்க."

அந்த வருஷம் எங்களை யாரும் அறுப்புக்குக் கூப்பிடவில்லை. கூழுக்கே திண்டாட்டம். சங்கு மட்டும் பரணைவிட்டு இறங்கவே இல்லை.