மீட்புப் பணம் கொடுத்து வாங்கப்பட்ட நூல்: யெரெவானின் மாத்தெனதரான்

1915-ஆம் ஆண்டுக் கோடையில் உதுமானியப் பேரரசின் கிழக்குப் பகுதியான மூஷ் சமவெளியில் ஆர்மீனிய ஊர்கள் அழிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. உயிர் பிழைத்தவர்கள் ருஷ்ய எல்லையை நோக்கி நடந்தனர். அவ்வாறு நடந்தவர்களுள் இரு பெண்கள், பாழாக்கப்பட்ட மடாலயம் ஒன்றில் ஒரு பெருநூலைக் கண்டனர். அதன் எடை ஏறத்தாழ 28 கிலோ. ஒருவரால் சுமந்து செல்ல இயலாது. எனவே அதை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியாக எடுத்துக்கொண்டனர். ஒருத்தி பல நாள் நடந்து, ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சினைச் சேர்ந்தாள். மற்றவளின் வலிமை எர்ஸுரூம் வரையில்தான் நீடித்தது. இறப்பதற்கு முன் தன் பாதியை அங்கிருந்த மடாலயத்தின் வளாகத்தில் புதைத்தாள். பின்னர் ருஷ்யப் படை அதிகாரி ஒருவர் அதைக் கண்டெடுத்தார். அது திபிலீசிக்குப் போய், 1920-களில் ஆர்மீனியாவை அடைந்து முதற்பாதியோடு சேர்ந்தது.

இன்று யெரெவான் நகரின் மாத்தெனதரான் என்னும் சுவடிச் சாலையில் காட்சிக்கு இருக்கும் ‘மூஷ் அறவுரைத் திரட்டு’தான் அந்த நூல். 1200 முதல் 1202 வரை வர்தான் என்னும் எழுத்தர் கன்றுத்தோல் ஏடுகளில் எழுதியது. ஆர்மீனியக் கையெழுத்து நூல்களில் இதைவிடப் பெரியது இல்லை. மாத்தெனதரான் வசமிருக்கும் ஏடுகள் 601. வேறு சில ஏடுகள் பிரிந்து வெனிஸ் நகரத்திலும் ஓர் ஏடு வியன்னாவிலும் உள்ளன. காட்சிப் பெட்டியில் இதனருகே 1434-ஆம் ஆண்டின் சிறு நாட்காட்டி நூல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன் எடை 19 கிராம்.

1915-இல் நிகழ்ந்தது இந்நூலின் முதல் மீட்பு அன்று. இதை எழுதச் செய்த அஸ்த்வத்சதூர் என்னும் செல்வர், எழுதி முடித்த சிறிது காலத்திலேயே செல்ஜுக் துருக்கியரின் தாக்குதலில் கொல்லப்பட்டார், நூல் கைப்பற்றப்பட்டது. கைப்பற்றியவர்கள் அதற்கு விலை கேட்டனர். மூஷ் நகருக்கு அருகிலிருந்த அப்போஸ்தலர் மடாலயத்துத் துறவிகள் சுற்றுவட்டார மக்களிடம் திரட்டிய 4,000 வெள்ளிக் காசுகளைக் கொடுத்து அதை வாங்கிவந்தனர். அதன்பின் எழுநூறு ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது.

ஒரு நூலுக்கு மீட்புப் பணமா என்ற வியப்பு நமக்குத் தோன்றலாம். ஆர்மீனியச் சுவடி மரபில் இது வழக்கமான நிகழ்வு. அம்மரபில் நூல் ‘சிறைப்படும்’. அதை ஒருவர் ‘மீட்பார்’. மனிதருக்கு வழங்கும் சொற்களையே நூலுக்கும் வழங்கினார்கள். இதைப் புரிந்துகொள்ள ஐந்தாம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டும்.

கி.பி. 387-இல் ஆர்மீனியாவை ரோமப் பேரரசும் பாரசீகப் பேரரசும் பங்கிட்டுக்கொண்டன. பாரசீகப் பங்கில் பெயரளவுக்கு ஓர் அரசர் நீடித்தார். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்நாடு கிறித்தவத்தைத் தழுவிவிட்டது. ஆயினும் வழிபாட்டில் ஒலித்தவை கிரேக்கமும் சிரியாக்கும்தான். மக்கள் பேசிய மொழிக்கு எழுத்தே இல்லை. முன்பு அரசவையில் பணியாற்றித் துறவியான மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ், திருச்சபைத் தலைவர் சாகக்கின் துணையோடும் அரசர் விராம்ஷாபுகின் ஆதரவோடும் 405-ஆம் ஆண்டளவில் 36 எழுத்துகளை வகுத்தார். ஒலிக்கு ஓர் எழுத்து, எழுத்துக்கு ஓர் ஒலி என்னும் அளவுக்கு அந்த நெடுங்கணக்கு செம்மையானது. இடைக்காலத்தில் இரண்டு எழுத்துகள் கூடின என்பதைத் தவிர அது இன்றும் அதுவேதான். 428-இல் எஞ்சியிருந்த அரசுரிமையும் ஒழிந்தது. எழுத்து பிறந்ததற்கும் அரசு வீழ்ந்ததற்கும் இடையே ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள்தாம்! பின்னாளில் புதிய அரசுகள் எழுந்தன, வீழ்ந்தன. ஆனால் நூல் எழுதும் பணி அரசுகளை நம்பி நிற்கவில்லை.

முதலில் மொழிபெயர்க்கப்பட்டது விவிலியத்தின் நீதிமொழிகள் நூல். தொடர்ந்து கிரேக்கத்திலிருந்தும் சிரியாக்கிலிருந்தும் இறையியல், வரலாறு, இலக்கணம், தத்துவம் எனப் பல துறை நூல்கள் ஆர்மீனிய மொழிக்கு வந்தன. ஆர்மீனியத் திருச்சபை அந்த மொழிபெயர்ப்பாளர்களைப் புனிதர்களாகப் போற்றுகிறது; ஆண்டுதோறும் அவர்களுக்குத் திருநாள் உண்டு. மொழிபெயர்ப்பாளரின் பெயரை அட்டையில் போடலாமா கூடாதா என்று இன்னமும் விவாதித்துக்கொண்டிருக்கும் பதிப்புலகம் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

மாத்தெனதரானின் பெருஞ்செல்வம் எது என்று கேட்டால் பார்வையாளர்கள் ஓவியங்களைச் சொல்வார்கள். தோரோஸ் ரோஸ்லின் போன்றோரின் நற்செய்தி நூல் ஓவியங்கள் பேரழகு வாய்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆய்வாளர்கள் தேடிச் செல்வதோ பெரும்பாலும் கடைசி ஏட்டை. படி எடுத்து முடித்த எழுத்தர் இறுதியில் ஒரு குறிப்பு எழுதுவார். ‘ஹிஷாதகரான்’ என்பது அதன் பெயர். நினைவின் இருப்பிடம் என்று பொருள் கொள்ளலாம். நம் ஓலைச்சுவடிகளிலும் படி எடுத்தவரின் பெயரும் நாளும், பிழை பொறுக்க வேண்டும் என்ற விண்ணப்பமும் உண்டு. ஆர்மீனியக் குறிப்போ சில சமயம் பக்கக் கணக்கில் நீளும். எந்த மன்னரின் காலம், எந்த மடாலயம், தோலும் மையும் யார் கொடுத்தது, எழுதச் செய்தவரின் பெற்றோர், உடன்பிறந்தார், இறந்துபோன குழந்தைகள் என அனைவரின் பெயரும் அதில் வரும். அவ்வாண்டின் பஞ்சம், வரிக்கொடுமை, படையெடுப்பு ஆகியவையும் இடம்பெறும். குளிரில் விரல் மரத்துப்போனதைக்கூட எழுத்தர் விட்டுவைப்பதில்லை. பிள்ளையில்லாத தம்பதியர் தம் பெயர் நிலைக்க நூல் எழுதச் செய்ததாகச் சொல்லும் குறிப்புகள் பல. படிப்பவர் தங்களுக்காக ஒருமுறை வேண்டிக்கொள்ள வேண்டும். அதுவே அவர்கள் கேட்ட கைம்மாறு. ஆபத்துக் காலத்தில் நூலைக் கோட்டைக்குள் கொண்டுபோய் மறைத்துவையுங்கள், அமைதி திரும்பியதும் வெளியே எடுத்துப் படியுங்கள், பூட்டி வைக்காதீர்கள் என்ற வேண்டுகோளும் இக்குறிப்புகளில் வருவதுண்டு.

அரசவை வரலாற்றாசிரியர் எழுதாத வரலாறு இக்கடைசி ஏடுகளில் இருப்பதை உணர்ந்தவர், மாத்தெனதரானின் இயக்குநராக நீண்ட காலம் பணியாற்றிய லெவோன் கச்சிக்யான். 14, 15-ஆம் நூற்றாண்டுகளின் இறுதிக்குறிப்புகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட தொகுதிகள் 1950 முதல் வரலாயின. பெயர்களை இவ்வளவு கவனமாகக் காத்த ஒரு மரபில், 28 கிலோ நூலைப் பிரித்துச் சுமந்த அந்த இரு பெண்களுக்கு மட்டும் பெயர் இல்லை. அவர்களது கதை எங்கும் ‘இரு பெண்கள்’ என்றே வழங்குகிறது.

இனி, கட்டடத்தின் கதை. 1441-இல் திருச்சபையின் தலைமைப் பீடம் எச்மியாட்சினுக்குத் திரும்பியது முதல் அங்கே சுவடிகள் சேர்ந்துவந்தன. கொள்ளைகளில் குறைந்தும் வந்தன. 1915-இல் போர்முனை நெருங்கியதும் அத்தொகுப்பு மாஸ்கோவுக்கு அனுப்பப்பட்டது. 1920 டிசம்பரில் சோவியத் ஆட்சி ஆர்மீனியாவின் பண்பாட்டு நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியது. 1922-இல் மாஸ்கோவிலிருந்து 4,060 சுவடிகள் எச்மியாட்சினுக்கு மீண்டன. ஆனால் அவற்றின் உரிமையாளர் இப்போது திருச்சபை அன்று, அரசு. 1938-இல் திருச்சபைத் தலைவர் முதலாம் கோரென் இறந்தார். சோவியத் உளவுத்துறையே அவரைக் கொன்றது என்பது பரவலான கருத்து. அடுத்த ஆண்டே சுவடிகள் யெரெவானுக்கு மாற்றப்பட்டன.

இதை வெறும் பறிமுதல் என்று முடித்துவிடவும் இயலவில்லை; பாதுகாப்பு என்று பாராட்டிவிடவும் இயலவில்லை. கடவுள் மறுப்பை அரசுக் கொள்கையாகக் கொண்ட ஆட்சி, தேவாலயங்களை மூடிய அதே ஆட்சி, நற்செய்தி நூல்களுக்காக நகரின் மிக எடுப்பான மேட்டில் ஓர் ஆலயத்தை நிகர்த்த கட்டடத்தை எழுப்பியது. கட்டடக் கலைஞர் மார்க் கிரிகோரியான் இடைக்கால ஆர்மீனியக் கட்டடக் கலையை முன்மாதிரியாகக் கொண்டு சாம்பல்நிற எரிமலைக் கல்லில் வடிவமைத்தார். 1945-இல் தொடங்கிய பணி இடையில் நின்றுபோய் 1957-இல் முடிந்தது. 1959-இல் அது ஆய்வு நிறுவனமாயிற்று. 1962-இல் மாஷ்டோட்ஸின் பெயரைப் பெற்றது. முன்னால் அமர்ந்திருக்கும் மாஷ்டோட்ஸ் சிலை குக்காஸ் சுபாரியானின் கைவண்ணம். அருகே மண்டியிட்டிருப்பவர் மாணவர் கொரியுன். ஆசானின் வாழ்க்கையை எழுதியவர். மதத்துறவியின் சிலையை மொழியறிஞரின் சிலை என்று சொல்லி நிறுவ முடிந்த காலம் அது. ‘மாத்தெனதரான்’ என்ற பெயரும் சுவடிகளின் வைப்பிடம் என்றே பொருள்படும். அதிலுள்ள ‘மாத்தியான்’, நூல் என்ற சொல், பாரசீகத்திலிருந்து பெற்றது. இத்தகைய கடன்சொற்கள் மலிந்திருந்ததால்தான் ஆர்மீனியம் ஈரானிய மொழிகளுள் ஒன்று என நெடுங்காலம் கருதப்பட்டது. கடன்சொல் அடுக்கை நீக்கிவிட்டுப் பார்த்தால் அது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் தனிக்கிளை என்று 1875-இல் ஹைன்ரிஷ் ஹ்யூப்ஷ்மான் நிறுவினார். கால்டுவெல்லைப் படித்தவர்களுக்கு இவ்வாதத்தின் போக்கு அயலாகத் தோன்றாது.

இன்று அங்கே ஏறத்தாழ 23,000 சுவடிகளும் சுவடித் துண்டுகளும் உள்ளன. அவை ஆர்மீனியருக்கு மட்டும் உரியவை என்று எண்ணுவது தவறு. யூசேபியஸின் காலவரிசை நூலும், அலெக்சாந்திரியாவின் பிலோ எழுதிய சில நூல்களும் கிரேக்க மூலத்தில் முழுமையாக இல்லை. ஆர்மீனிய மொழிபெயர்ப்பே கைகொடுக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் இரேனியஸ் எழுதியதாகப் பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்த ஒரு நூல், 1904-இல் யெரெவானின் தேவாலயம் ஒன்றில் ஆர்மீனிய வடிவில் கிடைத்தது.

மொழியியலாளருக்கு இவை எல்லாவற்றினும் இனியது 7117 என்னும் எண்ணுள்ள சுவடி. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதில் பல மொழிகளின் நெடுங்கணக்குகள் பட்டியலிடப்பட்டுள்ளன. 1937-இல் ஜார்ஜிய அறிஞர் இலியா அபுலாத்ஸே அதைப் புரட்டியபோது, அழிந்துபோன காக்கேசிய அல்பேனிய மொழியின் எழுத்து வரிசையை அதில் கண்டார். இந்த அல்பேனியா ஆர்மீனியாவின் கிழக்கே இருந்த பண்டைய நாடு. பால்கன் பகுதி அல்பேனியாவோடு அதற்குத் தொடர்பில்லை. அந்நாட்டினருக்கும் மாஷ்டோட்ஸ் எழுத்து வகுத்தார் என்று கொரியுன் எழுதியிருந்தார். அந்த எழுத்தின் முழு வரிசை அதுவரை யாருக்கும் கிடைத்திருக்கவில்லை. 1975-இல் சினாய் மலையின் புனித காதரீன் மடாலயத்தில் ஒரு சுவடிக் குவியல் வெளிப்பட்டது. அவற்றுள் சிலவற்றில் அழித்தெழுதிய ஜார்ஜிய வரிகளுக்கு அடியில் மங்கலாக வேறோர் எழுத்து தெரிந்தது. 1990-களில் ஸாஸா அலெக்ஸித்ஸே அது அல்பேனிய எழுத்தே என அடையாளம் கண்டார். 7117-இன் பட்டியல் அதைப் படிக்கத் திறவுகோலாயிற்று. இன்று சில ஊர்களில் மட்டுமே பேசப்படும் ஊதி மொழியின் முன்னோர் மொழி இவ்வாறு வாய் திறந்தது. யாருக்கும் பயன்படாத பட்டியலைப் பொறுமையாகப் படி எடுத்த ஒரு எழுத்தரால் விளைந்தது இது.

தாயகத்தில் அச்சுக்கூடம் வைக்க வழியில்லாத நூற்றாண்டுகளில் ஆர்மீனிய நூல்கள் வெளிநாடுகளில் பிறந்தன. முதல் அச்சு நூல் 1512-இல் வெனிஸில் வெளிவந்தது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-இல் வெளிவந்த ஊர் சென்னை. ஹருத்யுன் ஷமாவோன்யான் என்னும் குரு நடத்திய அவ்விதழ் 18 இதழ்களோடு நின்றது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஷாஹாமிர் ஷாஹாமிரியான் என்னும் வணிகர் அங்கே அச்சகம் நிறுவியிருந்தார். இல்லாத ஒரு நாட்டுக்கு, மன்னரற்ற ஆட்சிக்கு, சட்ட வரைவும் அச்சிட்டார். அவர்களது தேவாலயம் நிற்கும் ஆர்மீனியன் தெரு, சென்னை மக்கள் வாயில் ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆயிற்று. அறியாத சொல்லை அறிந்த சொல்லாக்கிக்கொள்ளும் மக்கள் வழக்குக்கு இதைவிடச் சுவையான சான்று அரிது. அரசு இழந்தவர்களின் தெருவுக்கு அரண்மனை கிடைத்தது!

மாத்தெனதரானில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘வெஹமோர்’ நற்செய்தி நூல் உள்ளது. முழுமையாகக் கிடைக்கும் ஆர்மீனியச் சுவடிகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது. திருச்சபைத் தலைவர் முதலாம் வாஸ்கென் 1975-இல் தம் தாயின் நினைவாக அதைச் சுவடிச் சாலைக்கு அளித்தார். திருச்சபையிடமிருந்து எடுத்துக்கொண்ட அரசின் நிறுவனத்துக்கே, எடுக்கப்படாத ஒன்றை அவர் விரும்பிக் கொடுத்தார். 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதைந்து ஆர்மீனியா தனிநாடானபோது, முதல் குடியரசுத் தலைவர் பதவியேற்பில் உறுதிமொழிக்கு அந்நூல் கொண்டுவரப்பட்டது. அதன்மீது கை வைத்தவர் லெவோன் தெர்-பெத்ரோசியான்: சிரியாக் மொழி அறிஞர், மொழிபெயர்ப்பு வரலாற்று ஆய்வாளர், அரசியலுக்கு வருமுன் மாத்தெனதரானில் ஆய்வுப் பணியில் இருந்தவர்.