தருமாஸ்பத்திரிக்குச் சோறு போட்ட தோட்டங்கள்

பர்கண்டியின் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் போன் என்ற சிற்றூரில் தங்குகிறார்கள். கிழக்கு பிரான்சில், பழைய மதிலுக்குள் அடங்கிய ஊர். தெற்கே சைக்கிளில் கிளம்பினால் பொமார், வோல்னே, மெர்சோ என்று பேர்போன கிராமங்கள் அடுத்தடுத்து வந்துவிடும். வடக்கே கோர்த்தோன் குன்று. ஊருக்குள் தெருக்களின் அடியில் பீப்பாய்கள் உறங்கும் நிலவறைகள்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒயினைத் தொட்டதில்லை. ஆனாலும் போன் என் மனதுக்கு நெருக்கமான ஊர். அங்கே விளைந்த திராட்சை ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக ஏழை நோயாளிகளைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

பதினைந்தாம் நூற்றாண்டில் நூறாண்டுப் போர் அந்தப் பகுதியை உருக்குலைத்தது. 1435இல் அராஸ் உடன்படிக்கையால் பர்கண்டிக்கும் பிரெஞ்சு அரசருக்கும் சமாதானம் ஏற்பட்டது. ஆனால் வேலையிழந்த படைவீரர்கள் கொள்ளைக்காரர்களாகி ஊர் ஊராகச் சூறையாடினார்கள். பஞ்சமும் சேர்ந்துகொண்டது. அந்த நிலையில்தான் பர்கண்டி கோமகன் பிலிப்பின் தலைமை அமைச்சர் நிக்கொலா ரோலேனும் அவர் மனைவி கிகோன் தெ சாலேனும் 1443 ஆகஸ்ட் 4 அன்று ஏழைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரியை நிறுவினார்கள். கட்டடம் எழுப்பியதோடு விடவில்லை. சாலேன் உப்பு ஆலை வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 1,000 லிவ்ர் கிடைக்கவும் வழி செய்தார்கள். 1452 ஜனவரி 1 அன்று முதல் நோயாளி உள்ளே வந்தார்.

அந்தப் பெரிய கூடத்தை நர்ஸின் கண்ணோடுதான் பார்த்தேன். இரண்டு பக்கச் சுவர்களை ஒட்டி வரிசையாகக் கட்டில்கள். மறைப்புக்குச் சிவப்புத் திரைகள். கோடியில் தேவாலயம், எழுந்து நடக்க முடியாதவர்களும் படுத்தபடியே பூசை காணலாம். கட்டடத்தின் அடியில் புசேஸ் ஆறு ஓடுகிறது; கழிவை அதுவே அடித்துக்கொண்டு போனது. நோயாளியின் மானத்தையும் மனதையும் சுத்தத்தையும் ஒருசேர எண்ணிப்பார்த்த ஏற்பாடு இது. ரோலேன் 1462இல் இறந்தார். அதன் பிறகும் கிகோன் இங்கே தொண்டு செய்து, 1470இல் இறந்து, அந்தத் தேவாலயத்திலேயே அடக்கமானார்.

ஆஸ்பத்திரியை நிலைநிறுத்தியது ஊராரின் கொடை. 1457இல் கியமெத் லெவெர்னியே என்ற பெண் முதன்முதலில் திராட்சை நிலம் எழுதிவைத்தார். அவரைப் பார்த்து, நூற்றாண்டுதோறும் பலர் நிலம் கொடுத்தார்கள். நம் ஊரில் கோயிலுக்கு மானியம் எழுதிவைத்ததைப் போலத்தான் இதுவும். இன்று ஆஸ்பத்திரிக்குச் சுமார் 60 ஹெக்டேர் தோட்டம் இருக்கிறது. பெரும்பகுதி அந்த வட்டாரத்தின் முதல்தர மண்.

அங்கே விளையும் ஒயின் 1859 முதல் பொது ஏலத்தில் விற்கப்படுகிறது. நவம்பர் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை ஏலம். 228 லிட்டர் பீப்பாய்தான் கணக்கு. கொடையாளிகளின் பெயர்களே ஒயின் வகைகளுக்கும் பெயர். அவற்றில் ஒன்று, காலங்காலமாகப் பணிவிடை செய்த கன்னியர்களின் நினைவாக வைத்த பெயர். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நர்ஸுகளின் பெயரைத் தாங்கிய பொருளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

1971இல் நோயாளிகள் புதிய ஆஸ்பத்திரிக்கு மாறினார்கள். பழைய கட்டடம் இப்போது அருங்காட்சியகம். ஏலப்பணம் இன்றும் ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கும் பழைய கட்டடத்தின் பராமரிப்புக்கும் போகிறது. 2015இல் யுனெஸ்கோ பர்கண்டியின் திராட்சை நிலங்களை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது.

போனுக்குப் போகிறவர்கள் தோட்டங்களுக்குக் கிளம்பும் முன் அந்தக் கூடத்தில் சற்று நேரம் நில்லுங்கள். ஓர் ஆஸ்பத்திரிக்குக் கட்டடம் கொடுப்பது பாதி தருமம்; அது என்றும் நடக்க வருமானம் கொடுப்பதே முழு தருமம்.