கறுப்பு மைக்குப் பழகிய கண்

உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளின் முன்னே குத்தவைத்து, மேலட்டை பறிபோன முத்து காமிக்ஸ் பிரதிகளைப் பேரம் பேசி வாங்கி வளர்ந்த எங்கள் கோயமுத்தூர்த் தலைமுறைக்கு, ஐரோப்பியச் சித்திரக்கதையின் கறுப்பு வெள்ளை புதுமையாகப் பட நியாயமில்லை. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக வந்த இரும்புக்கை மாயாவியை, இங்கிலாந்தின் வேலியண்ட் பத்திரிகைக்காக முதலில் வரைந்தவர் ஸ்பெயின் தேசத்து ஹெஸூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் தேகமெல்லாம் மறைந்து, எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும் அந்தக் காட்சியை விஞ்சிய சொப்பனம் பிற்காலத்து மேதைகளிடம்கூட அபூர்வம் என்பதே என் அபிப்பிராயம்.

பிரான்சிலோ கெட்டி அட்டை, 48 பக்கம், முழு வண்ணம் என்பது வியாபார சம்பிரதாயமாகிவிட்டிருந்தது. அதற்குப் பணியாத ஓவியர் சிலர் 1990-இல் பாரிஸில் 'லாசோசியாசியோன்' என்ற பதிப்பகத்தைத் தோற்றுவித்து, தத்தம் கனவுகளையும் வீட்டுத் துயரங்களையும் வண்ணமின்றியே பிரசுரித்தனர். அவர்களுள் தாவீத் பே, தமையனின் காக்காய்வலிப்பை நெளியும் பூதமாகவே தீட்டினார். அங்கே 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தது மர்ஜானே சத்ரபியின் 'பெர்சபோலிஸ்'. அதை 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை' என்று தமிழில் தந்தது நம்மூர் விடியல் பதிப்பகம். பாரிஸில் கலகமாயிருந்த கறுப்பு மை, இங்கு வந்து சேர்ந்தபோது பழைய பழக்கமாகிவிட்டது வேடிக்கைதான்.

ஆயினும் முதல் வாசிப்பில் 'பெர்சபோலிஸ்' நூலைப் பாதியில் மூடிவைத்தேன். பிளாஸ்கோவின் நுண்கோட்டு நிழல்களில் தோய்ந்த கண்ணுக்கு, நிழலே இல்லாத அந்தத் தட்டைக் கறுப்பு, பிள்ளை சிலேட்டில் கிறுக்கியது போலிருந்தது. பின்னொருநாள், 1978-இல் ஈரானின் அபாதான் நகரத்துச் சினிமாக் கொட்டகை எரிந்ததைக் காட்டும் அதன் பக்கத்தைப் பார்க்க நேர்ந்தது; மாண்டவர்கள் நாற்காலிகளிலிருந்து மண்டையோட்டு முகமுள்ள தீநாக்குகளாய் எழும்பிக் கதவை நோக்கிப் பாய்கிறார்கள். அதே கோடு, அதே மை. நடந்தது எங்கே முடிந்து கனவு எங்கே தொடங்குகிறதென்று எந்த அடையாளமும் இல்லை. இரவில் கதைநாயகியான சிறுமியின் படுக்கையருகே வரும் கடவுளுக்கும், கார்ல் மார்க்ஸின் சாடையில் தாடி வழிகிறது.

மாயாவி மறைவதற்கு மின்சாரம் வேண்டியிருந்தது. சித்தப்பாவுக்கு மரண தண்டனை நிறைவேறிய அன்று, சிறுமி வெளியே போகச் சொல்லிக் கத்தியதுமே கடவுள் போய்விடுகிறார். அவள் கிரகங்களுக்கு நடுவே, கன்னங்கரிய வெளியில் தனியாக மல்லாந்து மிதக்கிறாள்.