ஜெயித்தவருக்கு டிஸ்மிஸ்!

ஒரு சின்னக் கற்பனை. நீங்கள் பெரிய கம்பெனி ஒன்றில் மேனேஜர். மூன்றரை வருஷத்தில் ஏழு பெரிய ஆர்டர்கள் பிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். ஏழாவது ஆர்டர் கையெழுத்தான சந்தோஷத்தில் இருக்கும்போது முதலாளி கூப்பிடுகிறார். 'ரொம்ப நல்லா வேலை செஞ்சீங்க. ஆனா நீங்க கொஞ்சம் பழைய மாடல். இனிமே வர வேண்டாம்.'

எப்படி இருக்கும்?

2003 ஜூன் மாதம் ஸ்பெயினில் நிஜமாகவே இது நடந்தது. கம்பெனியின் பெயர் ரியல் மாட்ரிட். வேலை போனவர் அதன் கால்பந்துக் கோச், விசென்டே டெல் போஸ்கே. தடித்த உடம்பு, அடர்த்தியான மீசை, எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பது போன்ற முகம். கோட் சூட் போட்ட பேங்க் கேஷியர் என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். ஆனால், கால்பந்து சரித்திரத்தில் இவர் சாதித்ததை அவருக்கு முன் ஒருவரும் சாதித்ததில்லை.

ஆரம்பத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

1950 டிசம்பரில் சலமான்கா நகரில் பிறந்தார். அப்பா ரயில்வே ஊழியர். 1936 முதல் 1939 வரை ஸ்பெயினை இரண்டாகக் கிழித்த உள்நாட்டுப் போரில் அவர் குடியரசுக் கட்சியின் பக்கம். அதாவது, தோற்ற பக்கம். போர்க் கைதியாகச் சிறை முகாமில் கிடந்துவிட்டு வந்தவர். ஜெயித்த ஜெனரல் ஃபிராங்கோ, போரின் தொடக்கத்தில் தலைமையகம் வைத்திருந்தது எங்கே தெரியுமா? இதே சலமான்காவில்தான். ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் 1975-ல் அவர் சாகும்வரை நீடித்தது. தோற்றவர்கள் வாயைத் திறக்காமல் வாழப் பழகிக்கொண்ட காலம் அது. டெல் போஸ்கே வளர்ந்தது அப்படி ஒரு வீட்டில்.

பையனுக்குக் கால்பந்து பிரமாதமாக வந்தது. 1968-ல், 17 வயதில் ரியல் மாட்ரிட்டின் ஜூனியர் அணிக்குப் போனார். இங்கேதான் விதியின் விளையாட்டு. ரியல் மாட்ரிட் என்றால் ஃபிராங்கோ ஆட்சியின் செல்லப்பிள்ளை என்று பார்சிலோனாக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். சிறை முகாம் பார்த்த குடியரசுக்காரரின் மகன் அந்தக் கிளப்பின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடுக்களத்தில் ஆடினார். ஓட்டம் கம்மி. ஆனால், பந்து எங்கே போகவேண்டும் என்கிற கணக்கு அத்துப்படி. 1984-ல் ஓய்வு பெறும்போது ஐந்து லீக் பட்டம், நான்கு ஸ்பானிஷ் கோப்பை, ஸ்பெயினுக்காக 18 மேட்ச்.

ஒரே ஒரு குறை. 1981-ல் பாரிஸில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். லிவர்பூலிடம் 0-1 என்று தோல்வி. தோற்ற அணியில் இவரும் இருந்தார்.

அப்புறம்? ஊரை விட்டுப் போகவில்லை. வேறு கிளப் தேடவில்லை. ரியல் மாட்ரிட்டின் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்விட்டார். மெயின் டீம் கோச்சை நிர்வாகம் துரத்திவிட்டால், அடுத்த ஆள் வரும்வரை இவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். 1994-ல் ஒருமுறை, 1996-ல் ஒருமுறை. ஆள் வந்ததும் மரியாதையாக எழுந்து பழைய வேலைக்குப் போய்விடுவார்.

1999 நவம்பரில் மூன்றாவது முறை கூப்பிட்டார்கள். அணி தடுமாறிக்கொண்டிருந்தது. தாற்காலிகமாகத்தான் உட்கார்ந்தார். அடுத்த மே மாதமே ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பை கையில்! இறுதி ஆட்டம் நடந்தது அதே பாரிஸில். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இழந்ததை வாலன்சியாவை 3-0 என்று அடித்து வாங்கினார். அன்றைக்கு கோல் கம்பத்துக்குக் கீழே நின்ற ஐகர் கசியாஸுக்கு 19 வயது முடிந்து நான்கே நாள்.

அந்த வருஷமே கிளப்புக்குப் புது தலைவர் வந்தார். ஃப்ளோரன்டினோ பெரஸ். கட்டுமானத் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர். வருஷத்துக்கு ஒரு நட்சத்திரம் என்று கணக்குப் போட்டு ஃபிகோ, ஜிடேன், ரொனால்டோ என்று வாங்கித் தள்ளினார். இத்தனை பெரிய தலைகளை ஒரே அறையில் வைத்து மேய்ப்பது லேசுப்பட்ட காரியமா? டெல் போஸ்கே மேய்த்தார். கத்தவில்லை. பேட்டியில் யாரையும் விட்டுக்கொடுக்கவில்லை. 2001-ல் லீக். 2002-ல் மறுபடியும் சாம்பியன்ஸ் லீக். 2003 ஜூனில் மறுபடியும் லீக். நடுவே மூன்று சின்னக் கோப்பைகள். ஆக மொத்தம் ஏழு.

லீக் பட்டத்தின் சூடு ஆறுவதற்குள் வேலை போனது. பழைய பாணி ஆள், நுணுக்கமும் உத்தியும் தெரிந்த நவீன கோச் வேண்டும் என்பது பெரஸ் தரப்பு வாதம். அதே கோடையில் டேவிட் பெக்காமை வாங்கினார்கள். நடுக்களத்தில் எல்லோருக்கும் காவலாக ஓடிக்கொண்டிருந்த மெக்கலேலே, சம்பளம் உயர்த்தித் தரவில்லை என்று செல்ஸிக்குப் போனார். அடுத்த சீஸனில் ரியல் மாட்ரிட் லீக்கில் நான்காவது இடம். 2007 வரை லீக், சாம்பியன்ஸ் லீக் எதுவும் எட்டிப்பார்க்கவில்லை. பளபளக்கும் ஓடுகளை வாங்கிவிட்டு உத்திரத்தை விற்றால், கூரை எங்கே நிற்கும்?

டெல் போஸ்கே என்ன ஆனார்? துருக்கியின் பெசிக்டாஸ் கிளப்புக்குப் போய், 2005 ஜனவரியில் அங்கேயும் வேலை போய்த் திரும்பினார். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தார்கள்.

2008. அரகோனஸ் பயிற்சியில் ஸ்பெயின் ஐரோப்பிய சாம்பியன் ஆனது. அவர் விலக, தேசிய அணி டெல் போஸ்கே கைக்கு வந்தது. ஆக்கிவைத்த சோறு, பரிமாறத் தெரிந்தால் போதும் என்று கேலி பேசினார்கள்.

2010 உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்கா. முதல் ஆட்டத்திலேயே ஸ்விட்சர்லாந்திடம் 0-1 என்று உதை! அதுவரை முதல் மேட்ச்சில் தோற்ற எந்த அணியும் உலகக் கோப்பையை ஜெயித்தது கிடையாது. அரகோனஸே வெளிப்படையாகக் குறை சொன்னார். நடுக்களத்தில் எதற்கு இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், 21 வயது புஸ்கெட்ஸைத் தூக்கு என்று ஸ்பெயின் பூராவும் கூச்சல்.

டெல் போஸ்கே தூக்கவில்லை. போன வருஷம் வரை காப்பாற்றிய முறை ஒரு தோல்வியில் தப்பாகிவிடுமா என்பது அவர் கணக்கு. புஸ்கெட்ஸ் அடுத்த ஆட்டத்திலும் இருந்தார். அதற்கடுத்ததிலும். நாக் அவுட்டில் நான்கு ஆட்டங்கள், நான்கிலும் 1-0. ஜூலை 11, ஜோஹன்னஸ்பர்க். நெதர்லாந்துக்கு எதிராக 116-வது நிமிஷம் இனியெஸ்டா அடித்தார். ஸ்பெயினின் முதல் உலகக் கோப்பை.

இதில் கோப்பையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இறுதி ஆட்டத்தில் இறங்கிய 11 பேரில் ஆறு பேர் பார்சிலோனா. ஏழாவதாக வியா, அப்போதுதான் அங்கே ஒப்பந்தமாகியிருந்தார். ரியல் மாட்ரிட்டிலிருந்து மூன்றே பேர். உள்நாட்டுப் போரின் காயம் இன்னும் கால்பந்து மைதானத்தில் கசிகிற தேசம் அது. இந்த இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரே சட்டையில் ஆடவைத்தவர் வாழ்நாள் முழுக்க ரியல் மாட்ரிட்காரர். தோற்ற பக்கத்து அப்பாவுக்குப் பிறந்தவர்.

அந்த ஒற்றுமை லேசில் நிலைக்கவில்லை. 2011-ல் 18 நாளில் நான்கு முறை ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் மோதின. ஆகஸ்டில் மறுபடி மோதியபோது கைகலப்பு, கண்ணில் விரல் என்று அசிங்கமானது. தேசிய அணி உடைந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். கசியாஸ் போனை எடுத்து பார்சிலோனாவின் ஸாவியிடம் பேசி சமாதானம் செய்தார். டெல் போஸ்கே காலத்து மாட்ரிட்டில் வளர்ந்த பையன் அல்லவா! 2012-ல் கீவ் நகரில் இத்தாலியை 4-0 என்று நொறுக்கி யூரோ கோப்பையை ஏந்தினார்கள். உலகக் கோப்பை, யூரோ, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்ற முதல் கோச் ஆனார் டெல் போஸ்கே.

நல்லவருக்கு எல்லாம் நல்லபடியே முடியும் என்று எழுதி முற்றும் போட ஆசைதான். சரித்திரம் விடாது. 2010-ல் காப்பாற்றிய அதே குணம் 2014-ல் கவிழ்த்தது. வயதாகிவிட்ட பழைய பையன்களை அவர் மாற்ற மனசில்லாமல் வைத்திருந்தார். பிரேஸிலில் முதல் ஆட்டம் நெதர்லாந்திடம் 1-5. அடுத்தது சிலியிடம் 0-2. நடப்பு சாம்பியன் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியது. 2016 யூரோவில் இத்தாலியிடம் தோற்றதும் விலகிக்கொண்டார்.

விசுவாசம் எப்போது பலம், எப்போது பலவீனம்? ஆட்டம் முடிந்த பிறகு சொல்வது சுலபம். முன்னால் சொல்லவேண்டியவர் கோச். அவருக்கும் பாதி நேரம்தான் சரியாக அமைகிறது.

2011-ல் மன்னர் ஹுவான் கார்லோஸ் இவருக்கு மார்க்கி பட்டம் கொடுத்தார். மன்னரே வேண்டாம் என்ற பக்கத்தில் நின்று சிறைக்குப் போனவரின் மகனுக்கு, மன்னர் கையால் பிரபு பட்டம்! 2024 ஏப்ரலில், ஊழல் வழக்கிலும் சர்ச்சையிலும் ஸ்பெயின் கால்பந்து சம்மேளனம் நாறிக்கொண்டிருந்தபோது, அதை மேற்பார்வையிடும் கமிஷனுக்கு அரசாங்கம் ஒரு தலைவரைத் தேடியது. எல்லாத் தரப்பும் எதிர்ப்புச் சொல்லாத ஆள் வேண்டும். 73 வயது டெல் போஸ்கேயைக் கூப்பிட்டார்கள்.

கிளப்பில் ஆள் இல்லாதபோதெல்லாம் போய் உட்கார்ந்தவர் அல்லவா? இதற்கும் சரி என்று போய் உட்கார்ந்தார்.